காதுக்கு எட்டாத எழுத்துகள்: வன்னிப் பிள்ளைகளின் எழுத்துப் பிழையும் கையெழுத்துப் பயிற்சியும்

தரம் 3, தரம் 4 படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் பலருக்கு ஒரே குழப்பம். பிள்ளை பாடப்புத்தகத்தைத் தடக்குப்படாமல் வாசிக்கிறது. கேட்ட கேள்விக்கு வாயால் சரியான பதில் சொல்கிறது. அதே பதிலைக் கொப்பியில் எழுதச் சொன்னால் வரிக்கு இரண்டு பிழை. வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு எழுத ஏன் வரவில்லை?

கவனமில்லை என்று ஏசுகிறவர்கள் இருக்கிறார்கள். பிழைவிட்ட சொல்லை ஐம்பது தடவை எழுதவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். வளர வளரச் சரியாகிவிடும் என்று விட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். மூன்று வழியிலும் பிழை குறைவதில்லை. காரணம், எல்லாப் பிழையும் ஒரே இடத்திலிருந்து பிறப்பதில்லை. காதைத் தீட்டினால் போகும் பிழை ஒரு வகை. எவ்வளவு கூர்ந்து கேட்டாலும் போகாத பிழை இன்னொரு வகை. இரண்டாவது வகையைக் கை மூலமாகத்தான் கற்பிக்க முடியும். வீட்டிலும் வகுப்பிலும் நேரம் செலவிட வேண்டியது அதற்குத்தான்.

வாசிப்பதும் எழுதுவதும் ஒரே வேலை அல்ல

வாசிக்கும்போது எழுத்து கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. ‘மழை’ என்று அச்சில் இருப்பதைப் பார்த்துப் பிள்ளை ‘மளை’ என்று வாசித்தாலும் பொருள் விளங்கிவிடும். எழுதும்போது நிலைமை தலைகீழ். காதில் ஒலி மட்டும் இருக்கிறது. அந்த ஒலிக்குரிய எழுத்தைப் பிள்ளைதான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து என்று இருக்கும் இடங்களில் சிக்கல் இல்லை. ஓர் ஒலிக்கு இரண்டு, மூன்று எழுத்துகள் போட்டியிடும் இடங்களில்தான் கை தடுமாறுகிறது.

தமிழில் 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம், ஆக 247 எழுத்துகள். எண்ணிக்கையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. உயிர்மெய்யின் வடிவங்களில் பெரும்பாலானவை ஒழுங்கானவை. சிக்கல் இருப்பது 18 மெய்களுக்குள். ர-ற, ல-ள-ழ, ந-ண-ன என்னும் மூன்று கூட்டங்களில் மட்டும் எட்டு எழுத்துகள் இருக்கின்றன. ஒன்றுக்கொன்று ஒலியில் நெருங்கி நிற்பதால் இவற்றை மயங்கொலி எழுத்துகள் என்கிறோம். தமிழ்ப் பிள்ளையின் எழுத்துப் பிழைகளில் பெரும்பங்கு இந்த எட்டைச் சுற்றியே நிகழ்கிறது.

ஒரு கொப்பிப் பக்கம்

தரம் 4 கொப்பிகளில் வழக்கமாகக் காணும் பிழைகளை ஒரே பந்தியில் சேர்த்தால் இப்படி வரும்:

‘மளை பெய்தால் எங்கட குழம் நிறம்பும். அப்பா வயல் உளுவார். மாட்டுக் கண்டு வரம்பில நிண்டு புல் திண்டது. நானும் தன்பியும் தாமரைப் பூ பரித்தோம். நீந்த முயற்ச்சி செய்தம்.’

சிவப்புப் பேனையால் சுழித்துக்கொண்டே போனால் பக்கம் முழுவதும் சிவப்பாகிவிடும். பிள்ளைக்கு எதுவும் விளங்காது. பிழைகளை வகை பிரித்தால் வேறு படம் தெரிகிறது.

1. பேச்சு வழக்கு எழுத்தில் புகுந்தவை: எங்கட, வரம்பில, செய்தம். இவற்றைப் பிழை என்று சொல்வதற்கே மனம் ஒப்பவில்லை. வீட்டு மொழியைப் பிள்ளை அப்படியே எழுதியிருக்கிறது. பேசும்போது ‘எங்கட’, எழுதும்போது ‘எங்கள்’ என்ற பழக்கம் வாசிப்பால் வரும்.

2. காது திருத்தக்கூடியவை: தன்பி. மெல்லச் சொல்லிப் பார்த்தால் உதடு மூடுவது தெரியும். அங்கே ம் தான் வரும். குறில், நெடில் பிழைகளும் இந்த வகையே.

3. காதுக்கு எட்டாதவை: மளை, குழம், நிறம்பும், உளுவார், பரித்தோம், கண்டு, நிண்டு, திண்டது.

4. விதி தெரிந்தால் வராதவை: முயற்ச்சி.

மூன்றாவது வகையில் ‘குழம்’ என்பதைக் கவனியுங்கள். ‘குளம்’ எழுத அந்தப் பிள்ளைக்கு முன்பு தெரிந்திருக்கும். மளை, பளம், வாளை என்று எழுதி ஏச்சு வாங்கிய பிறகு, ‘ள என்று தோன்றினால் ழ போடு’ என்று தானாகவே ஒரு விதி செய்துகொண்டு குளத்திலும் அதைப் போட்டுவிட்டது. இது சிந்திக்கும் பிள்ளையின் பிழை. கவனமில்லாத பிள்ளை இப்படிப் பிழைவிடாது. அதற்குத் தேவை சரியான விதி ஒன்றே.

வன்னிப் பேச்சில் ஒன்றாகிவிட்ட ஒலிகள்

இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில், பூநகரியிலிருந்து நெடுங்கேணி வரை, மல்லாவியிலிருந்து முள்ளியவளை வரை நாம் பேசும் தமிழில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகவே ஒலிக்கிறது. ஆசிரியர் வகுப்பில் நாக்கை வளைத்து ‘ழ’ என்று சொல்லிக்காட்டலாம்; பிள்ளையின் அம்மம்மாவும் கடைக்காரரும் பஸ் நடத்துநரும் அப்படிச் சொல்வதில்லை. ஆகவே ‘நல்லாகக் கேட்டு எழுது’ என்ற அறிவுரை இங்கே பயன் தராது.

இதைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று இருக்கிறது. ஒன்று ‘ஒண்டு’ ஆகிறது. மூன்று ‘மூண்டு’, பன்றி ‘பண்டி’, என்று ‘எண்டு’, தென்னங்கன்று ‘தென்னங்கண்டு’. எழுத்தில் ‘ன்ற’ வரும் இடத்தில் நம் வாயில் ‘ண்ட’ வருகிறது. அதே நேரத்தில் உண்மையாகவே ‘ண்ட’ உள்ள சொற்களும் இருக்கின்றன: கண்டான், கொண்டான், வண்டி, நண்டு. காதுக்கு எல்லாம் ஒன்றே. ‘மாட்டைக் கொண்டு வந்தான்’ என்பதும் ‘மாட்டைக் கொன்று வந்தான்’ என்பதும் பேச்சில் ஒரே மாதிரி ஒலிக்கலாம். எழுத்தில் அந்த ஓரிடம் தவறினால் மாடு செத்துவிடும்.

பேச்சைக் குறைசொல்லி இதைத் தீர்க்கக் கூடாது. ‘ஒண்டு எண்டு சொல்லாதே’ என்று பிள்ளையைத் திருத்துகிறவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் பிள்ளை தன் வீட்டு மொழியை நினைத்துக் கூசத் தொடங்கினால் வாயும் மூடும், பேனையும் நிற்கும். பேச்சு அப்படியே இருக்கட்டும். எழுதும்போது எந்த எழுத்து என்று கண்டுபிடிக்கும் வழியைக் கொடுத்தால் போதும். அந்த வழி தமிழுக்குள்ளேயே இருக்கிறது.

ஏன் கையால் எழுத வேண்டும்?

கைப்பேசியில் தமிழ் தட்டும்போது பாதிச் சொல்லிலேயே முழுச்சொல்லும் மேலே வந்துவிடுகிறது. ‘மழை’யா ‘மளை’யா என்று தேர்ந்தெடுக்கும் வேலையைக் கருவி செய்கிறது, பிள்ளை அந்தச் சொல்லைத் தொட மட்டும் செய்கிறது. பேனையால் எழுதும்போது ழகரத்தின் கீழ்ச்சுழியைக் கை முழுமையாகச் சுற்றி முடிக்க வேண்டும். ‘ண’ எழுதக் கை மூன்று சுழி சுற்றுகிறது, ‘ன’ எழுத இரண்டு. காதில் இல்லாத வேறுபாடு கையில் இருக்கிறது.

இதற்கு ஆய்வுகளின் ஆதரவும் உண்டு. அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் கரின் ஜேம்ஸ் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், இன்னும் வாசிக்கத் தொடங்காத சிறுவர்கள் எழுத்துகளை மூன்று முறைகளில் பழகினார்கள்: தாமாக எழுதுவது, புள்ளிக்கோட்டின் மேல் வரைவது, விசைப்பலகையில் தட்டுவது. பின்னர் அவர்களின் மூளையைப் படமெடுத்தபோது, தாமாக எழுதிப் பழகிய எழுத்துகளைப் பார்க்கையில்தான் வாசிப்போடு தொடர்புடைய பகுதிகள் தெளிவாக இயங்கின. 2024இல் நோர்வேயில் பல்கலைக்கழக மாணவர்கள் 36 பேரிடம் செய்த ஆய்வு, கையால் எழுதும்போது மூளையின் வெவ்வேறு பகுதிகளுக்கிடையிலான தொடர்பு தட்டச்சு செய்வதைவிட விரிவாக இருப்பதைக் காட்டியது.

இவை தமிழ் எழுத்தை வைத்துச் செய்த ஆய்வுகள் அல்ல. எழுத்துப் பிழையை அளந்தவையும் அல்ல. ஆனாலும் நமக்கு உதவும் ஒரு செய்தி முதல் ஆய்வில் இருக்கிறது. புள்ளிக்கோட்டின் மேல் வரைவது, தானாக எழுதுவதற்கு ஈடாகவில்லை. கடைகளில் விற்கும் புள்ளிக்கோட்டுப் பயிற்சிக் கொப்பிகள் முதல் சில நாட்களுக்குப் போதும். அதன்பின் வெறுந்தாளில் கோணல்மாணலாக எழுதினாலும் பிள்ளை தானாக எழுத வேண்டும்.

கை கற்க வேண்டிய விதிகள்

இலக்கண நூல்களில் விதிகள் நிறைய உண்டு. ஆரம்பப் பிரிவுப் பிள்ளைக்கு அவ்வளவும் வேண்டாம். அதிகப் பிழைகளைக் குறைக்கும் ஐந்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வரிசையும் முக்கியம், எளிதிலிருந்து கடினத்துக்குப் போகிறது.

1. ஆறு சோடிகள். ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. மெல்லின மெய்யும் அதன் இன வல்லினமும் சேர்ந்த சோடிகள் இவை. டகரத்தின் முன் மூன்று சுழி ண், தகரத்தின் முன் ந், றகரத்தின் முன் இரண்டு சுழி ன். இந்த ஆறையும் தனி எழுத்துகளாக அல்லாமல் சோடியாகவே எழுதிப் பழக்க வேண்டும். நம் ஊர்ப் பெயர்களிலேயே எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன: மாங்குளம், புளியங்குளம், நெடுங்கேணி, சுண்டிக்குளம், கண்டாவளை, பரந்தன், ஓமந்தை, நந்திக்கடல், கனகாம்பிகைக்குளம். பஸ்ஸில் போகும்போது பிள்ளை இப்படிப்பட்ட பெயர்ப்பலகைகளை வாசிக்கிறது. வீட்டுக்கு வந்து எழுதட்டும். கனகராயன்குளம், முத்தையன்கட்டு போன்றவற்றில் ஆளின் பெயர் அப்படியே நிற்பதால் ‘ன்’ மாறாது. பிள்ளை இதைக் கேட்டால் மகிழ்ச்சியோடு விளக்குங்கள். கேட்காவிட்டால் இப்போதைக்கு வேண்டாம்.

2. ந எங்கே வரும்? சொல்லின் முதலில் ந மட்டுமே வரும். ன, ண இரண்டும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வருவதில்லை. சொல்லின் நடுவில் ந வந்தால் இரண்டு காரணங்களில் ஒன்று இருக்கும். பக்கத்தில் த இருக்கும்: வந்தான், பந்து. அல்லது அங்கே இன்னொரு சொல் தொடங்கும்: கிளிநொச்சி, பூநகரி, முந்நூறு. ‘நடத்துநர்’, ‘இயக்குநர்’ என்று ‘நர்’ சேர்ந்த சொற்கள் தனிக் கூட்டம். பஸ்ஸை நினைத்தே அதை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். இந்த ஒரு விதியோடு ந-ன குழப்பம் ஏறத்தாழத் தீர்ந்துவிடும்.

3. வேர்ச்சொல்லைக் கேள். வன்னிப் பிள்ளைக்கு மிக அவசியமான விதி இதுதான். ‘நிண்டான்’ என்று காதில் விழுகிறது, ண்டவா, ன்றவா? கட்டளையாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். ‘நில்!’ ல் அல்லது ன் இல் முடிந்தால் ன்ற. ள் அல்லது ண் இல் முடிந்தால் ண்ட.

நில் – நின்றான். செல் – சென்றான். வெல் – வென்றான். கொல் – கொன்றான். தின் – தின்றான். என் – என்றான்.

கொள் – கொண்டான். ஆள் – ஆண்டான். மீள் – மீண்டான். காண் – கண்டான். உண் – உண்டான்.

நாம் ழகரத்தை ளகரமாகச் சொன்னாலும் லகரத்தையும் ளகரத்தையும் தெளிவாகப் பிரித்தே சொல்கிறோம். ‘நில்’ என்பதை யாரும் ‘நிள்’ என்பதில்லை. அதாவது, முடிவில் குழம்பும் காது வேரில் குழம்புவதில்லை. பிள்ளையிடம் ஏற்கெனவே இருக்கும் அறிவையே இந்த விதி பயன்படுத்துகிறது. ஒன்று, மூன்று, கன்று, பன்றி போன்ற பெயர்ச்சொற்களுக்கு இது உதவாது; அவை எண்ணிக்கையில் குறைவு, எழுதியே மனத்தில் பதிய வைக்கலாம்.

ழகரத்தைக் கண்டுபிடிக்கவும் இதே வழி கை கொடுக்கும். ள் தன் உருவை மாற்றும்: கேள் – கேட்டான், நாள் – நாட்கள், முள் – முட்கம்பி. ல் மாற்றும்: கல் – கற்றான், கடல் – கடற்கரை, நெல் – நெற்செய்கை. ழ் மாறாது: வாழ் – வாழ்ந்தான், தாழ் – தாழ்ந்தது, சூழ் – சூழ்ந்தது, புகழ் – புகழ்ந்தான். ‘வாள்ந்தான்’ என்று எழுதிய பிள்ளைக்கு, ‘ந்த என்று வருகிறது, ட்டவோ ண்டவோ வரவில்லை, ஆகவே ழ்’ என்று காட்டிவிட்டால் அடுத்த முறை தானாகவே சோதித்துப் பார்க்கும்.

4. ற், ட் இரண்டுக்கும் பின்னால் இன்னொரு புள்ளி எழுத்து வராது. முயற்சி, பயிற்சி, ஆட்சி, காட்சி, கற்பனை, நாட்கள். ‘முயற்ச்சி’ தவறு, ‘ஆட்ச்சி’ தவறு. குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றால், ‘மகிழ்ச்சி, வளர்ச்சி, ஆராய்ச்சி’ என்று இரட்டைப் புள்ளியோடு வரும் சொற்களைப் பிள்ளை பார்த்திருக்கிறது. ய், ர், ழ் மூன்றுக்கும் பின்னால் புள்ளி எழுத்து வரலாம். ற், ட் இரண்டுக்கும் வராது. இடதுபக்கம் முயற்சி, பயிற்சி, ஆட்சி. வலதுபக்கம் மகிழ்ச்சி, வளர்ச்சி, ஆராய்ச்சி என்று இரண்டு நிரல்களாக எழுதினால் விதி கண்ணிலேயே தெரியும்.

இதிலிருந்து ர்-ற் குழப்பத்துக்கும் ஒரு துப்புக் கிடைக்கிறது. பார்க்க, சேர்க்க, ஈர்ப்பு: பின்னால் இரட்டித்து வந்தால் ர். நிற்க, கற்க, ஏற்பு: ஒற்றையாக வந்தால் ற். மார்பு, சார்பு போன்ற விலக்குகள் உண்டு. ஆனாலும் பெரும்பாலான இடங்களில் விதி பிடித்துநிற்கும்.

5. சொற்குடும்பம். உயிர்மெய்யாக வரும் ர-றவுக்கும், ள-ழவுக்கும் இடத்தை வைத்து விதி சொல்ல முடியாது. ‘பறி’ ஏன் ற, ‘பரவு’ ஏன் ர என்றால் அது அப்படித்தான். ஆனால் ஒரு சொல் கொண்ட எழுத்தை அதன் குடும்பம் முழுவதும் கொண்டிருக்கும். உழு, உழவு, உழவர், உழுதான், உழவு இயந்திரம். பழம், பழுத்தது, மாம்பழம், வாழைப்பழம். விளை, விளைச்சல், விளைநிலம். பற, பறவை, பறந்தது. தனிச்சொல்லாக எழுதாமல் குடும்பமாக எழுத வேண்டும். ஒன்றைப் பிடித்தால் மற்றவை கூடவே வரும்.

மேலே பார்த்த ‘நிறம்பும்’ பிழையின் காரணம் இங்கேதான் தெரிகிறது. நிறை, நிறைந்தது, நிறைவு என்று ஒரு குடும்பம். நிரம்பு, நிரப்பு, நிரம்பியது என்று இன்னொரு குடும்பம். பொருள் கிட்டத்தட்ட ஒன்று, எழுத்து வேறு. குளம் நிறையும், குளம் நிரம்பும், இரண்டும் சரி. இரண்டு குடும்பங்களையும் பக்கம் பக்கமாக எழுதாமல் இந்தப் பிழை போகாது.

சந்தி எழுத்துகளை, அதாவது க், ச், த், ப் மிகுவதை, இந்த ஐந்துக்குள் நான் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. தரம் 5 வரை மூன்று இடங்கள் தெரிந்தால் போதும்: ‘அந்தப் பிள்ளை’, ‘பாடத்தைப் படித்தான்’, ‘கடைக்குப் போனான்’. அதாவது அந்த, இந்த, எந்தவுக்குப் பின். ஐ உருபுக்குப் பின். கு உருபுக்குப் பின். பெரியவர்களே தடுமாறும் மற்ற இடங்களுக்காகப் பத்து வயதுப் பிள்ளையின் புள்ளியைக் குறைப்பது நியாயமாகத் தெரியவில்லை.

ஐம்பது தடவை எழுதவைப்பது ஏன் பயன் தராது?

‘முயற்சி’ என்ற சொல்லை ஐம்பது தடவை எழுதும்படி சொல்லப்பட்ட பிள்ளையைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். முதல் நான்கைந்து வரி ஒழுங்காகப் போகும். பிறகு பிள்ளை ஒரு குறுக்குவழி கண்டுபிடிக்கும். பக்கத்தின் மேலிருந்து கீழ்வரை ‘மு, மு, மு’ என்று ஒரே மூச்சில் எழுதும். அடுத்து ‘ய’ நிரல். அடுத்து ‘ற்’. கடைசியில் ‘சி’. பக்கம் நிறைந்துவிடும், சொல் ஒரு தடவைகூட முழுமையாக எழுதப்பட்டிருக்காது. முதல் வரியில் ‘முயற்ச்சி’ என்று தொடங்கியிருந்தால் அந்தப் பிழையையே ஐம்பது தடவை பழகியிருக்கும்.

இதில் இன்னொரு தீங்கும் உண்டு. எழுதுவது தண்டனை என்ற எண்ணம் பதிந்த பிள்ளை கட்டுரையில் தெரிந்த சொற்களை மட்டும் வைத்து நான்கு வரியில் முடித்துவிடும். ‘மகிழ்ச்சி’ எழுதப் பயந்து ‘நல்லம்’ என்று எழுதும். பிழை குறைந்ததுபோலத் தோன்றும். உண்மையில் சுருங்கியது பிள்ளையின் மொழி.

வீட்டில் செய்யக்கூடிய முறை

நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணித்தியாலம் சேர்த்து எழுதவைப்பதைவிட நாள்தோறும் கொஞ்சம் எழுதுவது நினைவில் நிற்கும்.

1. ஒரு நாளைக்கு ஒரு குடும்பம் அல்லது ஒரு சோடி. ஐந்து சொற்களுக்கு மேல் வேண்டாம்.

2. பார், சொல், மூடு, எழுது, ஒப்பிடு. சொல்லைப் பார்க்க வேண்டும், வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மூட வேண்டும், நினைவிலிருந்து எழுத வேண்டும், திறந்து ஒப்பிட வேண்டும். இந்த ஐந்தில் உயிர் ‘மூடு’ என்பதில் இருக்கிறது. பார்த்து எழுதினால் கண்ணும் கையும்தான் வேலை செய்கின்றன. மூடிவிட்டு எழுதும்போதுதான் ‘இங்கே எந்த ர?’ என்ற கேள்வியைப் பிள்ளை எதிர்கொள்கிறது.

3. ஒப்பிடுவதும் பிள்ளையே செய்யட்டும். பிழை இருந்தால் அந்த எழுத்தை அழிறப்பரால் அழித்து மேலே எழுதாமல், சொல் முழுவதையும் ஒரு கோட்டால் வெட்டி, பக்கத்தில் முழுச்சொல்லையும் மறுபடி எழுத வேண்டும்.

4. அந்தச் சொற்களில் இரண்டை வைத்து ஒரு வாக்கியம். பிள்ளையின் சொந்த வாக்கியமாக இருந்தால் இன்னும் நல்லது. ‘அப்பா மழைக்கு முன்னம் உழுதுவிட்டார்’ என்று எழுதிய பிள்ளைக்கு இரண்டு ழகரமும் பொருளோடு பதியும்.

5. அதே சொற்களை மறுநாள் ஒரு தடவை, சில நாள் கழித்து ஒரு தடவை, வார முடிவில் ஒரு தடவை சொல்வதெழுதுதலாகக் கேளுங்கள். மறக்கத் தொடங்கும் வேளையில் நினைவுபடுத்தினால்தான் நிலைக்கும்.

சொல்வதெழுதுதலில் ஒரு நுணுக்கம். சோதிக்கும்போது ‘மழை’ என்று தனியே சொல்லாமல், ‘மழை பெய்தது, மழை’ என்று வாக்கியத்தோடு சொல்ல வேண்டும். கரையா கறையா, மனமா மணமா என்பதைப் பொருளை வைத்துத்தான் தீர்க்க முடியும். தனியாகச் சொன்னால் அது சோதனையாகாது.

திருத்தும்போது ஒரு நாளில் ஒரு வகைப் பிழையை மட்டும் தொடுங்கள். இந்த வாரம் ‘ன்ற’ என்றால் கட்டுரையில் ‘ன்ற’ பிழைகளை மட்டும் காட்டுங்கள், மற்றவை காத்திருக்கட்டும். சிறு பிள்ளைகளுக்குப் பிழையான சொற்களைப் பட்டியலாகக் கொடுத்துச் சரிப்படுத்தச் சொல்லும் பயிற்சியை நான் விரும்புவதில்லை. சரியான வடிவமே இன்னும் ஊன்றாத பிள்ளையின் கண்ணில் பிழையான வடிவத்தை வைப்பதாக அது ஆகிவிடும்.

எழுத்தின் வடிவத்திலேயே பிழையாகத் தோன்றும் சில இடங்களும் உண்டு. ‘ர’வின் அடியில் உள்ள சாய்கோட்டை விட்டால் அது கால் ஆகிவிடும், ‘மரம்’ என்பது ‘மாம்’ போலத் தெரியும். ‘கௌ’ என்பதை ‘கெள’ என்று எழுதுவதும் இப்படியே. அம்மம்மா எழுதும் பழைய ‘லை’, ‘ணா’ வடிவங்கள் பாடப்புத்தகத்தில் இல்லாதவை. அவை பிழையல்ல, பழைய வழக்கு என்று பிள்ளைக்குச் சொல்லிவிட்டு, எழுதுவதற்குப் புத்தகத்தில் உள்ளதைப் பின்பற்றச் செய்யலாம்.

எழுதத் தயங்கும் பெற்றோர், விலை கூடிய கொப்பி

2008, 2009ஆம் ஆண்டுகளில் பாடசாலையில் படிக்க வேண்டிய வயதில் போரால் இடம்பெயர்ந்து அலைந்தவர்களும், செட்டிகுளம் முகாம்களின் கூடாரங்களில் இருந்தவர்களும் இன்று பெற்றோராகியிருக்கிறார்கள். ‘எனக்கே ஒழுங்காக எழுத வராது, பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?’ என்று அவர்கள் தயங்குவதில் வெட்கப்பட எதுவும் இல்லை. எழுதும் வயதில் அவர்களுக்குக் கொப்பி கிடைக்கவில்லை. மேலே சொன்ன முறையில் பெற்றோருக்கு விடை தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. பாடப்புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து, அதிலுள்ள ஐந்து சொற்களைத் தெரிந்து, மூடச் சொல்லி, எழுதச் சொல்லி, புத்தகத்தோடு ஒப்பிடச் சொன்னால் போதும். பக்கத்தில் இருந்து தானும் எழுதுகிற அம்மாவைவிடப் பிள்ளைக்கு வேறு துணை வேண்டாம்.

2022 பொருளாதார நெருக்கடியின்போது தாள் தட்டுப்பாடு ஏற்பட்டுக் கொப்பி விலை ஏறியது. பல வீடுகளில் பயிற்சி எழுத்துத்தான் முதலில் நின்றது. வடிவம் பழகும் கட்டத்தில் முற்றத்து மணலே போதும். ஏடு தொடக்கும்போது அரிசியில் விரல் பிடித்து எழுதவைப்பவர்கள் நாம். தொடர்ந்து மணலில் எழுதவைக்கத் தயங்க வேண்டியதில்லை. சொற்களுக்குப் பழைய கொப்பிகளில் மிஞ்சிய பக்கங்களும் நாட்காட்டித் தாளின் பின்பக்கமும் உதவும். ஒப்பிடும் வேலைக்கு மட்டும் தாள் வேண்டும், ஏனென்றால் நேற்றைய பிழை இன்று கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

இதனால் என்ன ஆகும்?

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையை மட்டும் நினைத்து இதைச் செய்ய வேண்டாம். சாதாரண தரப் பரீட்சையில் தமிழ் மட்டுமல்ல, வரலாறு, சமயம், விஞ்ஞானம் எல்லாவற்றுக்கும் விடையைக் கையால்தான் எழுத வேண்டும். எழுத்தைத் தேடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்குக் கருத்தைத் தேட நேரம் மிஞ்சாது.

பெயரிலும் இது வந்து நிற்கும். யாழினி ஓர் ஆவணத்தில் ‘யாளினி’ ஆகிவிட்டால், பிறப்புச் சான்றிதழும் பாடசாலைப் பதிவும் அடையாள அட்டையும் ஒன்றோடொன்று பொருந்தாமல் பிரதேச செயலகத்துக்கு நடக்க வேண்டிவரும். போரில் ஆவணங்களை இழந்து, வாயால் சொன்ன விவரங்களை வைத்துப் பிரதி பெற்ற குடும்பங்களுக்கு இந்த அலைச்சல் நன்கு தெரியும். பிள்ளை முதலில் பிழையின்றி எழுதப் பழக வேண்டிய சொற்கள் தன் பெயர், பெற்றோரின் பெயர், ஊர், முகவரி.

பிறமொழிச் சொற்களில் குழப்பம் தொடரத்தான் செய்யும். இலங்கையில் ‘ரி.வி.’ என்று எழுதுவது நெடுநாளைய வழக்கு. தமிழ்நாட்டு நிகழ்ச்சிகளில் ‘டி.வி.’ என்று வருகிறது. பிள்ளை இரண்டையும் பார்க்கிறது. பாடப்புத்தகத்தில் உள்ள வடிவத்தை எழுதச் சொல்லுங்கள். மற்றதை எழுதினால் பிழை போட வேண்டாம்.

சில மாதங்கள் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் ஒரே சொல்லைப் பிள்ளை நாளுக்கு ஒரு விதமாக எழுதுகிறதா, எழுத்துகளை இடம் மாற்றுகிறதா, எழுதியதைத் தானே வாசிக்கத் தடுமாறுகிறதா? அப்படியானால் பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். முதலில் கண்ணைப் பரிசோதியுங்கள். கரும்பலகை தெரியாமலே ஆண்டுகள் கழிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். காதையும் பாருங்கள். இரண்டும் சரியென்றால், கற்றல் இடர்ப்பாடு இருக்கிறதா என்று வகுப்பாசிரியர் மூலம் விசேட கல்வி ஆசிரியரிடமோ, மாவட்ட வைத்தியசாலையில் சிறுவர் வைத்தியரிடமோ கேளுங்கள். அப்படிப்பட்ட பிள்ளைக்கு வேறு முறையும் கூடுதல் நேரமும் தேவைப்படும். அதைத் தரம் 3இலேயே கண்டுகொண்டால் தரம் 6க்குப் போவதற்குள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.